இரட்டை மாதக்காரியின் கைக்கணினி

…இல்லை, கத்தரிக்கோல் தேவையே இல்லை, பக்கவாட்டில் ஒரு மடிப்பு இருக்கிறது, அதைத் தூக்கினால் தானே திறந்துகொள்ளும் என்று டப்பாவின் மேலேயே படம் போட்டிருக்கிறார்கள், படத்தில் ஒரு கை, எவ்வளவு நிதானமான கை, அந்தக் கைக்கு என்ன வந்தது, அது எதையும் தேடித் திறக்கவில்லை, பயந்துகொண்டும் திறக்கவில்லை… அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள், வைத்துவிட்டு மறுபடி எடுத்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அலுவலகத்திலிருந்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்த டப்பா இது, நேற்று முழுக்க அலமாரியின் மேல் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது, இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, மணி மூன்று, எட்டு மணி நேரம் சார்ஜ் ஏற வேண்டுமாம், நாளைக் காலை ஏழரைக்கு நான்காம் ரூட்டின் முதல் வீட்டு வாசலில் இதைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், இனியும் தள்ளிப்போட முடியாது. பத்தொன்பது வருடமாக வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவள், எத்தனை குழி மூடியைத் தூக்கியிருப்பாள், அடியில் எத்தனை தேளைப் பார்த்திருப்பாள், ஓர் அட்டைப்பெட்டியைத் திறக்க இரண்டு நாள் பிடிக்கிறது என்று சொன்னால் யாராவது நம்புவார்களா? ஆனால் தேள் வேறு, இது வேறு. இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு மனிதரிடம் அவள் ஒரு கேள்வி கேட்டாள், அதற்கு அவர் எழுதிய பதில் இந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. எழுதியிருந்தால்.

“என்னடி, உள்ள குண்டு வெச்சிருக்காங்களா?” என்றாள் அக்கா, கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டே. அக்கா ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் மேற்பார்வை, வாரம் ஆறு நாளும் ஊரார் போர்வையை மடித்துவிட்டு ஏழாவது நாள் வீட்டுத் துணியையும் விடமாட்டாள், கைக்குட்டையைக்கூட நான்கு மூலையும் சரிபார்த்துத்தான் மடிப்பாள், அவள் கண்ணில் எதுவும் தப்பாது, ஆனால் தங்கையின் முகத்தை மட்டும் அவள் அப்படி மூலை மூலையாகப் பார்த்ததில்லை, அல்லது பார்த்துவிட்டுச் சொல்லாமல் இருக்கிறாளா… “திறக்கறேன்க்கா” என்று சொல்லி மடிப்பைத் தூக்கினாள், படத்தில் போட்டபடியே சத்தமில்லாமல் திறந்துகொண்டது. உள்ளே இன்னோர் அட்டை, அதற்குள் ஒரு நுரைத் தட்டு, தட்டில் குழி குழியாக வெட்டி ஒவ்வொரு குழியிலும் ஒவ்வொரு சாமான், நடுக்குழியில் சாம்பல் நிறத்தில் கைக்கணினி, கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கிறது. அதை அவள் தொடவில்லை. சுற்றியிருப்பதையெல்லாம் முதலில் எடுப்போம், எது எது இருக்கிறது என்று பட்டியலில் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லியிருக்கிறார்களே, முறை என்று ஒன்று இருக்கிறதே… முறையாம், நல்ல முறை, மருந்தைக் கடைசிக்குத் தள்ளிவிட்டுச் சோற்றை மெதுவாகச் சாப்பிடுகிற பிள்ளையின் முறை.

முதலில் உறை. தடித்த கறுப்புத் துணி, இடுப்பு பெல்ட்டில் கோக்க ஒரு வளையம், அதைத் தைத்தவன் எந்தப் பெண்ணின் இடுப்பையும் நினைத்துத் தைக்கவில்லை. பிறகு பேனா, மை இல்லாத பேனா, திரையைத் தொடுவதற்கு மட்டும், தொலையாமல் இருக்கச் சுருள் கயிறு ஒன்று, இழுத்தால் நீள்கிறது விட்டால் சுருங்குகிறது, மை இல்லாத பேனாவால் என்னதான் எழுத முடியும், அலுவலகத்துத் தட்டச்சுக்காரப் பெண் வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் வகுப்பெடுத்தபோது சொன்னாளே, எழுத வேண்டியதில்லை அக்கா, தொட்டா போதும், முப்பது குறியீடு இருக்கு, நாய்னா ஒண்ணு, வீடு பூட்டியிருந்தா ரெண்டு, மூடி இறுக்கமா இருந்தா மூணு, இப்படியே முப்பது வரைக்கும், எது பொருந்துதோ அதைத் தொட்டுட்டுப் போய்க்கிட்டே இருக்கலாம், எவ்வளவு சுலபம் பாருங்க… எல்லாரும் தலையாட்டினார்கள், இவளும் ஆட்டினாள். முப்பதுக்குள் அடங்காதது இருந்தால்? கேட்க வாய் வரவில்லை, கேட்டால் திரும்பிப் பார்ப்பார்கள், அப்படி என்ன அடங்காதது வைத்திருக்கிறாய் என்று. வகுப்பு முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு, ஏதோ பேச்சுக்குக் கேட்கிற மாதிரி, “பழைய ரீடிங் புத்தகத்த ஒரு தடவ பாக்க முடியுமாம்மா?” என்று கேட்டதற்கு அந்தப் பெண், “அதெல்லாம் லாரியில ஏத்தி அனுப்பியாச்சே அக்கா, கூழாக்கிடுவாங்க. உங்களுக்கு எதுக்கு அது? கடைசி ரெண்டு மாச விவரம் மெஷினுக்குள்ளயே ஏத்தியிருக்கேன், ரீடிங், குறிப்பு, எல்லாமே, ராத்திரி பகலா நானேதான் அடிச்சேன்” என்றாள், விரலைச் சொடுக்குப் போட்டுக் காட்டினாள் பாவம். குறிப்புமா? குறிப்பும்தான் அக்கா. அப்போதிலிருந்து அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

புத்தகத்தில் அந்தக் குறிப்புப் பத்தி மூன்று விரல் அகலம். வீட்டு எண், போன மாதக் கணக்கு, இந்த மாதக் கணக்கு, கடைசியாகக் ‘குறிப்பு’. ஒரே ஆள் ஒரே தெருவுக்குத் தொடர்ந்து போனால் வீட்டுக்காரர்களோடு பழகிப்போய்க் கணக்கைக் குறைத்து எழுதிவிடுவார்கள் என்று அலுவலகத்துக்குப் பயம், அதனால் ரூட்டுகளை இரண்டிரண்டாகச் சேர்த்து ஆளை மாதாமாதம் மாற்றிவிடுவது வழக்கம், இரட்டை மாதங்களில் அவளுக்கு நான்காம் ரூட்டு, அவள் கேள்வி கேட்ட அந்த இன்னொரு மீட்டர்காரருக்கு ஒன்பதாம் ரூட்டு, ஒற்றை மாதங்களில் அவள் ஒன்பதுக்குப் போவாள், அவர் நான்குக்கு வருவார். ஆக அவள் போகிற தெருவுக்கெல்லாம் போன மாதம் அவர் போயிருப்பார், அவர் போகிற தெருவிலெல்லாம் அவள் போன மாதம் நடந்திருப்பாள், ஒரே தெருவில் ஒரே நாளில் இரண்டு பேரும் இருந்ததே கிடையாது. வீட்டுக்காரர்களோடு பழகிவிடுவோம் என்று பயந்தார்களே, இது அவர்களுக்குத் தோன்றவில்லை பார். முதல் குறிப்பு முப்பத்தோராம் எண் வீடு, ஆறு வருடத்துக்கு முன்னால், பொடியான நேரான எழுத்தில், ‘மூடிக்கு அடியில் தவளை. பயப்பட வேண்டாம்.’ அவள் பயப்படவில்லை, சிரித்தாள், தெருவில் தனியாக நின்று சிரித்தாள், தன் வரியில் ‘தவளை நலம்’ என்று எழுதினாள், எழுதிய பிறகுதான் இது அரசாங்கப் புத்தகம் என்ற நினைவே வந்தது. யார் படிக்கப்போகிறார்கள்? மேற்பார்வையாளர் எண்களைத்தான் பார்ப்பார். இரண்டு மாதம் கழித்து அதற்குக் கீழே, ‘தவளைக்கு இப்போது துணை இருக்கிறது.’

அப்படித்தான் ஆரம்பித்தது, ஆரம்பித்தது என்று சொல்லலாமா, எதுவுமே ஆரம்பிக்கவில்லையே… தாங்கியை எடுத்தாள், தொட்டில் மாதிரி ஒரு பிளாஸ்டிக் இருக்கை, பின்னால் இரண்டு கம்பி, ஒன்று மின்சாரத்துக்கு, இன்னொன்று தொலைபேசிக்கு. சார்ஜரும் அதோடுதான், உபரியாக ஒரு பேட்டரி, திரையில் ஒட்ட இரண்டு மெல்லிய தாள், மஞ்சள் துடைப்புத் துணி, மழை உறை, பதினோரு மொழியில் ஒரு கையேடு. மஞ்சள் துணியை அக்கா எட்டி வாங்கிப் பார்த்தாள், “இந்தத் துணி நல்லாருக்கு, இதுக்கெல்லாம் கஞ்சியே போட வேணாம்” என்றாள், மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். எண்பத்து நான்காம் வீட்டு மூடி இரும்பு, ஒரு தடவை நழுவி இவள் விரலில் விழுந்துவிட்டது, குறிப்பில் ‘மூடி கனம், விரல் நசுங்கியது, கவனம்’ என்று இடது கையால் கோணல் மாணலாக எழுதிவைத்தாள், அவருக்கு ஆகக் கூடாது என்றுதான் எழுதினாள், அடுத்த முறை போனால் குழியோரத்தில் ஒரு மரக்கட்டை, மூடியைச் சாய்த்து வைக்கத் தோதாக ஒரு பக்கம் சீவியிருந்தது, குறிப்பில், ‘கட்டை வைத்திருக்கிறேன். விரல் எப்படி இருக்கிறது?’ விரல் எப்படி இருக்கிறது… பதினான்கு மாதம் ஒரு புருஷனோடு குடித்தனம் நடத்தியவள், அந்த மனிதன் போகிற வரைக்கும் இவளுக்கு எத்தனை விரல் என்று எண்ணியாவது பார்த்திருப்பானா? அந்தக் குழியோரத்தில் அவள் எவ்வளவு நேரம் குந்தியிருந்தாள் என்று தெரியவில்லை, வீட்டுக்காரம்மா வந்து, “என்னம்மா, மீட்டர் ஓடலயா?” என்று கேட்டாள். ‘ஆறிவிட்டது’ என்று எழுதினாள். அதற்கு மேல் எழுதப் பத்தியில் இடமில்லை, இருந்திருந்தால் மட்டும் எழுதிக் கிழித்திருப்பாளாக்கும்!

இன்னொரு தடவை, கோடையில், ‘வெயில் அதிகம். தொப்பி போட்டுக்கொள்’ என்று எழுதிவிட்டு, பிறகு பயந்துபோய் ஓரத்தில் குட்டி எழுத்தில் ‘ளுங்கள்’ என்று இடுக்கியிருந்தார், அந்த இடுக்கலை நினைத்தே இரண்டு மாதம் ஓட்டினாள், ‘ளுங்கள்’ வருவதற்கு முன்னால் அந்த மனிதருக்குள் ஒரு நொடி அவள் வெறும் ‘நீ’யாக இருந்திருக்கிறாள் அல்லவா. ஒரு வருடம் நடுவில் இரண்டு முறை வேறு யாரோ கொட்டை கொட்டையாக வெறும் எண் மட்டும் எழுதியிருந்தார்கள், அவளுக்குச் சோறு இறங்கவில்லை, யாரிடம் கேட்பது, என்ன உறவு என்று கேட்பது, மூன்றாவது முறை முதல் வீட்டு வரியிலேயே பொடி எழுத்து, ‘ஆஸ்பத்திரியில் இருந்தேன். வந்துவிட்டேன்’ என்று… வந்துவிட்டேன். யாருக்குச் சொல்கிறார்? மேற்பார்வையாளருக்கா? நேரில் பார்த்தது நான்கே தடவை, மாதக் கடைசியில் புத்தகம் ஒப்படைக்கிற ஜன்னலில் இரண்டு தடவை, ஒருவர் போக ஒருவர் வர, தலையசைப்பு, ஆண்டுக் கூட்டத்தில் இரண்டு தடவை, அவர் இரண்டு வரிசை முன்னால், பின்கழுத்தும் ஒரு காதும் தெரிந்தன, யாரோ இருமினார்கள், திரும்பிப் பார்த்தார். இருமியது அவள்தான். தனி ஆள் என்று ஜன்னல் குமாஸ்தா யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது, அதை விழ விட்டது யார், ஜன்னலருகே வேலையில்லாமல் நின்றது யார்?

அப்புறம்தான் அந்தப் பேச்சு வந்தது, புத்தகம் போகப்போகிறது, மெஷின் வரப்போகிறது என்று. போன இரட்டை மாதம், நான்காம் ரூட்டின் கடைசி வீடு, இருநூற்றுப் பன்னிரண்டு, அதற்குக் கீழே பக்கத்தில் வரியே இல்லை, வெற்றிடம், அங்கே மதில் மேல் புத்தகத்தை வைத்துக்கொண்டு எழுதினாள், ‘அடுத்த முறை நான் இந்தப் புத்தகம் ஒப்படைக்கிற நாளில் ஜன்னலுக்கு வெளியே பெஞ்சில் கொஞ்ச நேரம் இருக்கட்டுமா?’ நாற்பத்து நான்கு வயதுப் பொம்பிளை, பெஞ்சில் உட்கார அனுமதி கேட்கிறாள், அதுவும் எழுத்து மூலமாக! இதை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்திருந்தால் அது கடிதம், அதற்கு ஒரு பேர் உண்டு, பத்தியில் எழுதினால் குறிப்பு, யாராவது கேட்டால் அலுவல் விஷயம் என்று சொல்லிவிடலாம், அதுதானே உன் சாமர்த்தியம்… போன மாதம் ஒற்றை மாதம், அவர் நான்குக்கு வந்திருப்பார், இருநூற்றுப் பன்னிரண்டின் வாசலில் நின்று படித்திருப்பார், பதில் எழுதியிருந்தால் அந்த வரியில்தான் எழுதியிருப்பார், இந்த மாதம் புத்தகம் அவள் கைக்கு வரும்போது படிக்கலாம் என்று அவள் நாட்களை நகர்த்திக்கொண்டிருந்தாள், புத்தகத்துக்குப் பதிலாக டப்பா வந்தது. வந்தது மட்டுமா, மெஷின் நேரத்தையும் இடத்தையும் தானே குறித்துக்கொள்ளுமாம், இனி யாரும் கணக்கைக் குறைக்க முடியாதாம், அதனால் ஆள் மாற்ற வேண்டியதில்லை, அவளுக்கு நிரந்தரமாக நான்கு, அவருக்கு நிரந்தரமாக ஒன்பது, ஒப்படைக்க அலுவலகத்துக்கும் வர வேண்டாம், இந்தத் தாங்கியில் உட்கார்த்தி வைத்தால் தொலைபேசிக் கம்பி வழியாகக் கணக்கு தானே போய்விடும். எவ்வளவு சௌகரியம். வெள்ளிக்கிழமை ஒற்றை எண் ரூட்டுக்காரர்களைக் காலையிலும் இரட்டை எண்காரர்களை மத்தியானமும் வரச் சொல்லியிருந்தார்கள், பெற்றுக்கொண்டதற்கான தாளில் அவருடைய கையெழுத்து இருந்தது, பொடியாக, நேராக, அதற்கு நேர் கீழே இவள் போட்டாள், மை காய்ந்திருந்தது, தொட்டுப் பார்த்தாள்.

“எல்லாத்தையும் எடுத்துட்ட, அத மட்டும் விட்டுட்டியே” என்றாள் அக்கா. ஆமாம், நடுக்குழி மட்டும்தான் பாக்கி. எடுத்தாள், நினைத்ததைவிடக் கனம், தாங்கியில் வைத்தாள், பச்சையாக ஒரு பொட்டு எரிந்தது, பொத்தானை அழுத்தினாள், திரை வெளுத்தது, ஊழியர் எண் கேட்டது, கொடுத்தாள், ‘ரூட் 4, வீடுகள் 212’ என்றது. நேராகக் கடைசிக்குப் போகலாம், போகவில்லை, ஒன்றிலிருந்து தொடங்கினாள், வீடு ஒன்று, முந்தைய விவரம், அவர் மாதம், எண், குறிப்பு 3, மூடி இறுக்கம், அடுத்து, வீடு இரண்டு, குறிப்பு 1, நாய், அதை அவர் என்ன வார்த்தையில் எழுதியிருப்பார், ‘நாய் கட்டியிருக்கிறது, கயிறு நீளம்’ என்றா, எப்போதும் கயிற்றின் நீளத்தை எழுதுவாரே, இங்கே நாய் மட்டும் நிற்கிறது கயிறு இல்லாமல்… முப்பத்தொன்று, குறிப்பு 11, குழியில் உயிரினம். எண்பத்து நான்கு, 3. நூற்று நாற்பது, நூற்று எழுபது, பேனாவின் நுனி வழுக்குகிறது, உள்ளங்கை ஈரம், மஞ்சள் துணியில் துடைத்துக்கொண்டாள், இருநூற்றுப் பத்து, பதினொன்று. பன்னிரண்டு. அவர் மாதம். எண் சரியாக இருந்தது. குறிப்பு: இல்லை.

இல்லை. அவ்வளவுதானா. ஏன் எழுதவில்லை, படிக்கவில்லையா, படித்துவிட்டு எழுதவில்லையா, சங்கடப்பட்டாரா, ஆறு வருடம் எழுதியவருக்கு ஒரு ‘ம்’ எழுத மனம் வரவில்லையா, வெறும் தவளைக்கும் கட்டைக்கும் ஆசைப்பட்டுக் கிடந்தாயே, நன்றாக வேண்டும் உனக்கு… “என்னடி, வேல செய்யுதா?” “செய்யுதுக்கா.” குரல் சரியாகத்தான் வந்தது. திரையை அணைக்க மனமில்லாமல் பேனாவால் இன்னொரு தட்டு தட்டினாள், அதற்கு முந்தைய மாதம் வந்தது, அவள் மாதம், அவள் எழுதிய எண், தேதி, அதே வீடு. குறிப்பு: இல்லை. அவள் மறுபடி பார்த்தாள். இல்லையா? எழுதினேனே, மதில் மேல் வைத்து, பேனா முள் தாளில் சிக்கிச் சிக்கி, ‘இருக்கட்டுமா’வில் மை கொஞ்சம் ஊறிப்போனதுகூட ஞாபகம் இருக்கிறதே… தட்டச்சுக்காரப் பெண் அதைப் படித்திருப்பாள், முப்பதிலும் தேடியிருப்பாள், பெஞ்சுக்கு எண் கிடையாது, ‘இல்லை’யைத் தட்டிவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பாள், விரல் வலி அவளுக்கு. அப்படியானால் மேலே இருக்கிற ‘இல்லை’ அவர் சொன்ன இல்லை இல்லையே, அதுவும் அந்தப் பெண் தட்டியதுதானே, அவர் ஒன்றும் எழுதாமல் இருந்திருக்கலாம், வேண்டாம் என்று எழுதியிருக்கலாம், இருங்கள் என்று எழுதியிருக்கலாம், ‘ங்கள்’ இல்லாமல் வெறும் ‘இரு’ என்றுகூட… எல்லாம் இந்நேரம் கூழாகிக்கொண்டிருக்கும். கண் நிறைந்துவிட்டது, திரை கலங்கியது, அவள் அக்காவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள், அக்கா துணி மடிக்கிற சத்தம் நின்று, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தொடங்கியது.

பதில் அவரிடம்தான் இருக்கிறது, அவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டால்… ஏன், தெரியுமே. நாளைக் காலை ஏழரைக்கு ஒன்பதாம் ரூட்டின் முதல் வீட்டில் நிற்பார், ஒன்பதரைக்கு அந்த நீலக் கதவு வீடு, பத்தே முக்காலுக்கு, தண்ணீர் வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்கிற அம்மா வீட்டில் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார், பன்னிரண்டு மணிக்கு மரத்தடியில் சோற்று டப்பாவைத் திறப்பார், அந்த ஒரு மரம்தானே இருக்கிறது, அவளும் அங்கேதான் திறப்பாள், ஆறு வருடம் அதே வரிசையில் அதே வேகத்தில் நடந்தவளுக்கு இதற்கெல்லாம் மெஷினா வேண்டும், எந்த நாளானாலும் எந்த மணியானாலும் அவர் எந்த வாசலில் நிற்பார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். பேனா கையிலிருந்து நழுவி, சுருள் கயிற்றில் தொங்கியது. அப்படியானால் அவருக்கும் தெரியும். அவள் ஏழரைக்கு எங்கே, ஒன்பதரைக்கு எங்கே, பன்னிரண்டுக்கு எங்கே என்று ஆறு வருடமாக ஒவ்வொரு நாளும் அவருக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது, இரண்டு தெரு தாண்டி வந்தால் போதும், வரவில்லை, ஒரு நாள்கூட வரவில்லை… நீ போனாயா? போகவில்லை. போகாததற்கு என்ன அர்த்தம், வேண்டாம் என்றா? ஐயோ, அப்படி இல்லையே, அது எப்படி அப்படி ஆகும், அவளுக்குத் தெரியாதா அவள் ஏன் போகவில்லை என்று, அப்படியென்றால் அவர் வராததற்கும் அதேதானே…